வரிசையில் நின்ற பதில்கள்

டிக். டிக்டிக். டிக்.

போன வாரம் தபாற்கந்தோரில் என் கவுண்டருக்கு முன்னால் ஓர் இளைஞன் நின்றான். பதிவுத் தபால் படிவத்தை நிரப்பாமல், பேனையின் தலையை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தான். முனை வெளியே வரும், உள்ளே போகும். அவனுக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது. எனக்கோ கைமயிர் குத்திட்டு நின்றது. முத்திரை குத்த ஓங்கிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"என்ன சார், சிஸ்டம் டவுனா?" என்றான்.

"இல்ல தம்பி. நீங்க அமுக்குங்க. இன்னும் கொஞ்ச நேரம் அமுக்குங்க."

அவன் பேனையைச் சட்டென்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். அந்த ஐந்தாறு டிக்குகளுக்குள் நான் கவுண்டரை விட்டுக் கிளம்பி, கண்டி நகரத்தில் பாதியைத் தாண்டி, இரண்டு மழைக்காலம் பின்னால் போய், கட்டுக்கலையில் ஒரு பேக்கரிக்கு மேலே உள்ள மாடி விறாந்தையில் உட்கார்ந்துவிட்டேன். மீன் அடைத்த மாலுபணிஸ் வாசம். சொட்டும் குடைகள். மரத்தட்டிக்கு அந்தப்பக்கம் ஷஃப்னா. அவள் கையில் பேனை.

தட்டிக்கு இந்தப்பக்கம்

அந்த மாடியில் சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பு நடந்தது. பதினைந்திலிருந்து பதினெட்டு வயதுக்குள் எட்டுப் பிள்ளைகள். எல்லோருக்கும் ஓட்டிசம். அவர்களில் மூன்று பேருக்கு அதோடு ஏ.டி.எச்.டி.யும் உண்டு: கவனம் ஒரு கிளையில் உட்காராது, உடம்பு ஒரு கதிரையில் உட்காராது. பிறரோடு பேசிப் பழகுவதற்கான வகுப்பு அது. நடத்தியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் வேலை பார்த்த இளம் பேச்சுச் சிகிச்சையாளர். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அவர் 'மிஸ்'.

என் மகள் தர்சினிக்கு அப்போது பதினாறு. ஓட்டிசம் மட்டும். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பேச்சு உண்டு, ஆனால் எப்போது வரும் என்று எங்களுக்குத் தெரியாது. காலையில் நான் குடையைத் தேடும்போது, "கண்ண மூடாது" என்பாள். யார் கண்ணை, எதற்கு மூடவேண்டும்? கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஷஃப்னாவுக்குப் பதினேழு. இரண்டும் உண்டு. தெல்தெனியவிலிருந்து உம்மாவோடு பஸ்ஸில் வருவாள். அவள் ஏறி வருவதற்கு முன்பே அவள் குரல் ஏறி வந்துவிடும். பேக்கரிக்காரரிடம் அரைக் கதை, படியில் கால் கதை, மேலே வந்ததும் முற்றிலும் வேறொரு கதை.

அமைதியான பிள்ளைகள் குளம், துள்ளும் பிள்ளைகள் ஆறு என்று நான் மனதுக்குள் பிரித்து வைத்திருந்தேன். எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு நோய். உவமை கிடைத்தவுடன் பார்ப்பதை நிறுத்திவிடுவான்.

பெற்றோர் உள்ளே போகக்கூடாது. எங்களுக்கு விறாந்தையில் ஒரு நீள வாங்கு. நடுவில் இருந்த மரத்தட்டி கூரை வரைக்கும் எட்டாது. அதற்கு மேலால் குரல்கள் வழிந்து எங்கள் தலையில் விழும். மற்றவர்கள் ஃபோன் பார்த்தார்கள். சும்மா இருக்க எனக்குத் தெரியாது. ஒரு கொப்பியில் விழுந்ததையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன்.

இடது பக்கம், வலது பக்கம்

கொப்பியின் இடது பக்கத்தில் ஷஃப்னா கேட்டவை. வலது பக்கத்தில் தர்சினி சொன்னவை. எதற்காக அப்படிப் பிரித்து எழுதினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்: நான் சாட்சி சேர்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என் மகளைப் பேசவே விடுவதில்லை என்பதற்கு.

ஒரு சனிக்கிழமையை அப்படியே தருகிறேன். ஷஃப்னா, ஒரே மூச்சில்:

"ஒனக்கு பூன புடிக்குமா? ஒங்கட ஊட்டுல எத்தன ஜன்னல் ஈக்கி? நீ மரத்துல ஏறியிருக்கியா? மீன் தூங்குமா? இந்த ஃபேன் ஏன் இப்பிடி கத்துது?"

கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே ஒரு டிக். பதிலுக்கு நிற்கமாட்டாள். கேட்டு முடித்ததும் ஜன்னலுக்கு ஓடி, கீழே போகிற பஸ்களை எட்டிப் பார்ப்பாள். தர்சினியிடமிருந்து ஒரு சத்தமும் வராது. ஐந்து நிமிடம் கழித்து மிஸ் மெல்ல, சொல் சொல்லாக, ஒவ்வொன்றையும் தட்டில் வைப்பதுபோலக் கேட்பார்:

"தர்சினி, இண்டைக்குக் காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"புடிக்கும். நாக்கு மட்டும் வேணாம்."

வாங்கில் யாரோ சிரிப்பை விழுங்குவார்கள். என் காது சுடும்.

"அப்பிடியில்லை அம்மா. காலமைச் சாப்பாடு."

"ஏழு. ஒண்ணு தொறக்காது."

சற்றுப் பொறுத்து, யாரும் எதுவும் கேட்காதபோது, "இல்ல. எறும்பு." பிறகு, "தூங்கும். கண்ண மூடாது." பிறகு, "மூணாவது எல வளைஞ்சிருக்கு."

மாத அறிக்கையில் மிஸ் இதை 'தொடர்பில்லாத பேச்சு' என்று எழுதியிருந்தார். நானும் அப்படியே நம்பினேன். ஆனால் என் நம்பிக்கையில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. ஏழு, ஒன்று திறக்காது! எத்தனை இரவு உட்கார்ந்தாலும் எனக்கு இப்படி ஒரு வரி வராது. என் மகள் கவிதையாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவள் பேச்சுக்குப் பொருள் இல்லை என்று மற்றவர்கள் நினைத்தார்கள், பொருள் தேவையில்லை என்று நான் நினைத்தேன். இரண்டில் எது மோசம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

நான் செய்த முறைப்பாடு

அன்று மஹய்யாவையில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் தர்சினியிடம் கேட்டேன்: "அந்தப் புள்ள அப்படி கத்துனா ஒனக்கு காது வலிக்கலியாம்மா?"

அவள் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டு வந்தாள். இறங்கும்வரை ஒரு வார்த்தை இல்லை. வலிக்கிறது, சொல்லத் தெரியவில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பொழுது சாய்கிற நேரம், கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். கதவடியில் வந்து நின்றாள்.

"வலிக்கல. மழ மாதிரி."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வெளியே ஒரு சொட்டு மழை இல்லை. மடித்த சட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கொப்பிக்கு ஓடினேன். அந்த வரியை வைத்து ஒரு சிறு வசனகவிதை எழுதினேன். மகாவலி ஆற்றில் ஒரு பாறைமேல் ஒருத்தி உட்கார்ந்து சொல்வதாக. நீங்கள் இப்போது வாசிக்கும் இதே வார இதழில்தான் வந்தது. நல்ல வரி என்று நாலு பேர் எழுதியிருந்தார்கள். சட்டை இரண்டு நாள் தரையிலேயே கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை மிஸ்ஸைத் தனியே பிடித்தேன்.

"மிஸ், அந்த ஷஃப்னா புள்ளையோட சேந்து எம்மக தடுமாறுது. இருக்கிற பேச்சும் கொழம்பிப்போவுது."

"ஓம் அண்ணை. நானும் கவனிச்சனான்" என்றார். "மற்றப் பிள்ளையளும் ஷஃப்னாவின்ட வேகத்துக்குப் பயப்பிடினம். நான் ஒரு முடிவு எடுக்கிறன்."

புதன்கிழமை

முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. வருகிற மாதத்திலிருந்து வகுப்பு இரண்டாகப் பிரியும். ஓட்டிசம் மட்டும் உள்ள ஐவருக்குச் சனிக்கிழமை. இரண்டும் உள்ள மூவருக்குப் புதன்கிழமை பின்னேரம்.

மிஸ் இதைச் சொன்னபோது விறாந்தையில் எல்லோரும் தலையாட்டினோம். ஷஃப்னாவின் உம்மா மட்டும் கைப்பையின் பட்டியை முறுக்கிக்கொண்டு நின்றார். திகனையில் ஒரு கடையில் தைக்கிறவர் அவர்.

"எனக்கு புதன் ஏலா மிஸ். கடையில லீவு சனி மட்டுந்தான்."

"வேற ஆரையும் அனுப்பேலாதோ?"

"ஆரு ஈக்கிறாங்க? அவட வாப்பா கட்டார்ல." கொஞ்சம் நிறுத்தினார். "ரெண்டு ஸ்கூல்ல இவள கூட்டிட்டு போங்க எண்டாங்க. டியூஷன்லயும் சொன்னாங்க. இங்கயும் அதத்தான் சொல்றீங்க. நீங்க மட்டும் பதவிசா சொல்றீங்க."

மிஸ்ஸின் முகம் சுருங்கிவிட்டது. என் முகத்தை நான் குடைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

அன்று பஸ்ஸில் தர்சினி, யாரும் கேட்காமல், "ஷஃப்னா புதன். நான் சனி" என்றாள். வீட்டு வாசலில் சொன்னாள். மறுநாள் பல் துலக்கும்போது சொன்னாள். நான்கு நாள், ஒரே குரலில், ஏற்றம் இறக்கம் இல்லாமல்: "ஷஃப்னா புதன். நான் சனி."

பதினாறு வருடத்தில் இன்னொரு பிள்ளையின் பெயர் அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

கலா வாசித்தாள்

இந்த இடத்தை எழுதும்போது இப்போதும் என் எழுத்து கோணிக்கொண்டு ஓடுகிறது. மன்னியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் மனைவி கலா பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மேசையில் என் கொப்பி திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, ஷஃப்னாவைப் போலவே மூச்சு விடாமல் இடது பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தாள். கலா ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்கிறவள். ஆட்களின் குரலை அச்சாக எடுப்பாள்.

"நீங்க அந்தப் பக்கத்த வாசிங்க" என்றாள். "நாடகம் போடுவோம்."

"சும்மா இரு கலா."

"வாசிங்கங்க. ஒனக்கு பூன புடிக்குமா?"

"புடிக்கும். நாக்கு மட்டும் வேணாம்" என்று வாசித்தேன்.

சிரித்தாள். "ஒங்கட ஊட்டுல எத்தன ஜன்னல் ஈக்கி?"

"ஏழு. ஒண்ணு தொறக்காது."

சிரிப்பு நின்றது. கையில் பாதி உரித்த கொட்டை. தலையைத் திருப்பி முன்னறையைப் பார்த்தாள், பிறகு படுக்கையறையை, பிறகு குசினியை. அவள் உதடு எண்ணுவதைப் பார்த்தேன்.

"என்னங்க. நம்ம வீட்ல ஏழு ஜன்னல். குசினி ஜன்னல் துருப்பிடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு."

அவள் மெதுவாக, தன் சொந்தக் குரலில் கேட்டாள்: "மரத்துல ஏறியிருக்கியா?"

"இல்ல. எறும்பு."

"மீன் தூங்குமா?"

"தூங்கும். கண்ண மூடாது."

"ஃபேன் ஏன் கத்துது?"

"மூணாவது எல வளைஞ்சிருக்கு."

கொட்டைகள் தரையில் உருண்டன. இரண்டு பேரும் கொப்பிமேல் விழுந்தோம். பென்சிலை எடுத்து இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குக் கோடு கீறினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் வரிசைப்படி. ஒன்றுகூட முந்தவில்லை. கேள்விகள் கொட்டிய நேரத்தில் அவள் ஒவ்வொன்றையும் வாங்கி, அடுக்கி, யோசித்து, தன் நேரத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அதற்குள் நாங்கள் எல்லோரும் வேறு பேச்சுக்குப் போயிருந்தோம்.

"ரொட்டி, சம்பல்னு இருக்கே. இதுக்குக் கேள்வி இல்லியே?"

"இருக்கு!" என்று கத்தினேன். "மிஸ் கேட்டாங்க! காலையில என்ன சாப்பிட்டேன்னு! புள்ள படியில எறங்கும்போது சொல்லுச்சு. மிஸ்ஸுக்குக் கேட்டிருக்காது!"

எல்லாமே பொருந்தின என்று சொல்லமாட்டேன். ஏழெட்டு வரிகள் அநாதையாக நின்றன, இன்றும் நிற்கின்றன. ஆனால் பக்கம் பக்கமாகக் கோடுகள் ஓடின. நாங்கள் அடுத்த பக்கம், அடுத்த பக்கம் என்று புரட்டிப் புரட்டி, கடைசியில் அந்த வரிக்கு வந்தோம். வலிக்கல. மழ மாதிரி.

நான் பஸ்ஸில் கேட்ட கேள்வியைக் கலாவிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"இத நீங்க பத்திரிகையில போட்டீங்கல்ல?"

"போட்டேன்."

"பாறையில ஒரு பொண்ணு உக்காந்து சொல்ற மாதிரி."

"ஆமா."

"எம்புள்ள ஒங்களுக்குச் சொன்ன பதில கொண்டுபோயி பாறையில உக்கார வச்சிட்டீங்க."

மாமாவின் கடிதங்கள்

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் சின்ன வயதில் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தபோது அம்மாவின் தம்பி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். ஒரு பதில் வருவதற்குள் நாங்கள் மூன்று கடிதம் போட்டிருப்போம். மாமா முதலாவது கடிதத்துக்குப் பதில் எழுதியிருப்பார். வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்து போன பிறகு, 'கூரைத் தகரம் மாற்றியது சந்தோஷம்' என்று வரும்.

அம்மா குழம்பியதே இல்லை. கடிதத்தை உடைத்ததும் முதல் கேள்வி, "இது எந்தக் காயிதத்துக்குப் பதிலுடா?" என்பதுதான். அதைக் கண்டுபிடித்த பிறகுதான் வாசிக்கவே விடுவார்.

அதற்குப் பிறகு முப்பது வருடமாகத் தபாலோடு வாழ்கிறேன். பிந்தி வந்த கடிதத்தை ஒரு நாளும் பொருளற்ற கடிதம் என்று நான் ஒதுக்கியதில்லை. வீட்டுக்குள் ஒதுக்கினேன்.

நான்கு நிமிடம்

பிரிவதற்கு முந்திய கடைசிச் சனிக்கிழமை. கொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியில் ஷஃப்னாவின் உம்மாவுக்காகக் காத்து நின்றேன். முதலில் அவருக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

"தங்கச்சி, ஒரு விஷயம். ஒங்க மகளப்பத்தி மிஸ்கிட்ட முறைப்பாடு சொன்னது நான்தான்."

குடையை மடக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"நீங்களா அது?"

"நான்தான். பெரிய தப்பு."

"நான் நம்மளோட வாங்குல ஈக்கிற அந்த நீலச் சாரி டீச்சரம்மா எண்டு நெனச்சி மூணு கெழமையா அவங்களோட மொகம் குடுத்துப் பேசல்ல. பாவம், அந்த மனிசி போன கெழம எனக்கு கேக் எல்லாம் கொண்டுவந்து நீட்டினாங்க. வேணாம் எண்டு சொல்லிட்டேன்." மூச்சை இழுத்து விட்டார். "அண்ணன், நல்ல கேக் அது."

கொப்பியைத் திறந்து காட்டினேன். கோடுகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "வாங்க, மிஸ்கிட்ட போவோம்" என்றார்.

இடைவேளை நேரம். பிள்ளைகள் பணிஸ் தின்றுகொண்டிருந்தார்கள். மிஸ் கொப்பியை நின்றபடியே வாசித்தார். உட்கார்ந்து மறுபடி வாசித்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் எழுதுற ஆள். கோடு கீறுற ஆசையில எதையும் எதோடயும் சேத்துப்போடலாம்."

நியாயமான சந்தேகம்.

"நானே கேட்டுப் பாக்கிறன்" என்றார். தர்சினியை எதிரில் உட்காரவைத்து, மூன்று கேள்விகளை அடுத்தடுத்துக் கேட்டார்.

"நான் இண்டைக்கு என்ன நிறத்தில உடுத்திருக்கிறன்? இந்த வகுப்பில ஆரோட இருக்க உங்களுக்கு விருப்பம்? நான் கதைக்கிறது உங்களுக்கு விளங்குதோ?"

பிறகு காத்திருந்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். மிஸ், நான், உம்மா, மூன்று பேரும் தர்சினியின் முகத்தையே பார்த்தோம். ஒரு நிமிடம். இரண்டு. அவள் விரல் மேசை விளிம்பில் ஓடியது. மூன்று. தோள்கள் மெல்ல மேலேறின. நான்கு. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மிஸ் கொப்பியை மூடி என்னிடம் நீட்டினார். அந்தச் சின்ன முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை. அவரும் இது உண்மையாக இருக்கவேண்டும் என்று விரும்பியிருக்கிறார்.

அப்போதுதான் பின்னாலிருந்து, வாயில் பணிஸோடு:

"மிஸ், நீங்க கேட்டுட்டு அவட மொகத்தையே பாத்துட்டு ஈந்தா எப்பிடி வரும்? மூணு பேரும் பூன எலியப் பாக்குற மாதிரி பாக்குறீங்க! அங்கால திரும்புங்க. ஏதாச்சும் கதைங்க. நான் அப்பிடித்தான் செய்ற. கேட்டுட்டு போய்ருவேன். அவ வைப்பா. நான் திரும்பி வந்து எடுப்பேன்."

மிஸ் ஷஃப்னாவின் பக்கம் திரும்பினார்.

"நீ எடுப்பியா?" என்றார் மிஸ். "அவ சொல்லுறது உனக்கு விளங்கிறதோ?"

"அல்லாவே! அவ எனக்குத்தானே சொல்றா!"

மிஸ் கதிரையைத் திருப்பிப் போட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். நானும் திரும்பினேன். "உங்கட பக்கம் மழையோ?" என்று மிஸ் உம்மாவிடம் கேட்டார்.

"மழையா? நேத்து கொட்டின கொட்டுக்கு விக்டோரியா டேம்ல தண்ணி வான் பாயுதாம். சனம் எல்லாம் பாக்கப் போகுது. எங்கட ஊட்டு முன்னுக்கு ஒரே..."

"மஞ்சள்" என்றது எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். "கையில மை."

மிஸ் தன் மஞ்சள் சட்டையின் கையைப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே நீலமாக ஒரு கோடு. யாரும் திரும்பவில்லை. நான் பேச்சைத் தொடர வேண்டும் என்று, "வான் கதவு எத்தன தொறந்திருக்காம்?" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"ரெண்டோ மூணோ" என்றார் உம்மா, கண்ணீர் கன்னத்தில் ஓட.

"ஷஃப்னா" என்றது குரல். நீண்ட இடைவெளி. "அவ இல்லாட்டி யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க."

வீட்டில் நான் அவளிடம் கடைசியாக எப்போது ஒரு கேள்வி கேட்டேன் என்று யோசித்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு சிவப்பு பஸ் போனது. அது திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு எங்கு பார்ப்பது என்று தெரியவில்லை.

"வெளங்குது" என்றாள் தர்சினி, மூன்றாவதாக. "ரொம்ப மெதுவா பேசுறீங்க."

மிஸ் சிரித்தாரா அழுதாரா, இரண்டும் ஒன்றாக வந்தது. எழுந்து ஓடிப்போய்ச் சுவரில் ஒட்டியிருந்த சனி, புதன் என்று பிரித்த புதிய நேரசூசியைக் கிழித்தார். "நான் பிழையாக் கேட்டிருக்கிறன். இவ்வளவு நாளும் பிழையாக் கேட்டிருக்கிறன்." பிறகு தொழில்காரராகி, விறுவிறு என்று சொன்னார்: புதன் வகுப்பு, வர முடிந்தவர்களுக்கு மட்டும். ஷஃப்னா சனிக்கிழமையே வருவாள். மற்றப் பிள்ளைகள் மிரளாதபடி, கடைசி அரைமணி நேரம் இவர்கள் இருவருக்கும் விறாந்தை.

"அப்ப நாங்க எங்க இருக்கிற?" என்றார் விறாந்தையிலிருந்து நீலச் சாரி டீச்சரம்மா.

"படியில" என்றார் உம்மா. "எனக்குப் பக்கத்துல வாங்க. இண்டைக்கு கேக் கொண்டுவரல்லியா?"

பஸ் புறப்பட முன்

அன்று தெல்தெனிய பஸ் வரைக்கும் நாங்களும் போனோம். நிலையம் முழுக்க ஈரமும் டீசலும் கச்சான் கடலை வறுக்கிற வாசமும். கொண்டக்டர் பலகையில் தட்டித் தட்டி ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டிருந்தான். எனக்கும் கூவவேண்டும் போல இருந்தது. யாரையாவது பிடித்து உலுக்கி, என் மகள் பதில் சொல்லியிருக்கிறாள் ஐயா, எல்லாவற்றுக்கும் சொல்லியிருக்கிறாள் என்று சொல்லவேண்டும் போல.

உம்மாவும் ஷஃப்னாவும் ஏறினார்கள். ஷஃப்னா ஜன்னல் ஓரத்தில் பாய்ந்து உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, வரிசையாக ஐந்தாறு கேள்விகள் கொட்டினாள். தர்சினி நடைபாதை விளிம்பில், பஸ் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வழமையானதுதான். நான் பக்கத்தில், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். கற்றுக்கொண்டேன் அல்லவா.

எஞ்சின் உறுமியது. பஸ் ஒரு தடவை குலுங்கியது.

தர்சினி தலையைத் தூக்கினாள். கொப்பியின் வலது பக்கத்தில் கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. மிஸ்ஸின் அறிக்கையில் 'கேள்வி கேட்டல்' என்ற கட்டம் எப்போதும் வெறுமைதான். அவள் பதில் வரிசையில் எங்கும் இல்லாத ஒன்றை, நேராக அந்த ஜன்னலைப் பார்த்து, பலமாகச் சொன்னாள்:

"நீ பஸ்ஸில யார்கிட்ட பேசுவ?"

ஷஃப்னாவின் வாய் திறந்தது. மூடியது. அவள் உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். உம்மா ஏற்கனவே தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். முன்னால் இருந்த கதிரையின் முதுகைப் பார்த்தாள். ஷஃப்னா பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றுதான். பஸ் நகர்ந்தது. பத்து அடி. இருபது அடி. திருப்பத்தில் அவள் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே எறிந்து, கையை வீசி, கொண்டக்டரின் குரலுக்கும் மேலாகக் கத்தினாள்:

"பொறு! யோசிச்சிட்டு சொல்றன்!"